ஜோரோவின் வாயில் ஏன் மூன்றாவது வாள்? அனிமே வாள்வித்தை கேள்வி-பதில்

வகுப்பு முடிந்து வாளைத் துடைத்து வைக்கும் நேரத்தில்தான் பையன்கள் மெதுவாகப் பக்கத்தில் வருவார்கள். கால் வைப்பதில் சந்தேகம் என்று யாரும் வருவதில்லை, "அனிமேயில் செய்வது நிஜத்தில் நடக்குமா மாஸ்டர்?" என்பதுதான் கேள்வி. எழுதிக் கேட்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். வாளிலிருந்து பிறை வடிவில் ஒளி கிளம்பிப் போய் மலையைப் பிளப்பது பற்றிக் கேட்ட அனைவருக்கும் மொத்தமாக ஒரே பதில்: நடக்காது. மற்றவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மாஸ்டர், 'டீமன் ஸ்லேயர்' ஜெனிட்சு வாளை உருவும்போதே வெட்டியும் முடித்துவிடுகிறானே, அப்படி ஒரு வித்தை உண்டா? (இடிமின்னல், திருச்சி)

உண்டு. இயாய் என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹயாஷிசாகி ஜின்சுகே என்பவரை அதன் மூலவராகச் சொல்வது மரபு. அகில ஜப்பான் கெண்டோ (மூங்கில் வாள் விளையாட்டு) கூட்டமைப்பு வகுத்துக் கொடுத்த 12 வடிவங்களை இன்றும் உலகம் முழுக்கப் பயிற்சி செய்கிறார்கள்.

இதில் பார்க்கிறவர்கள் கண் வலது கைக்குப் போகும். வேலை நடப்பது இடது கையில். முதலில் இடது கட்டைவிரல், கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் வட்டத்தட்டைத் தள்ளி, உறையின் இறுக்கத்திலிருந்து வாளை விடுவிக்கும். அப்புறம் வலது கை முன்னே போகப் போக, இடது கை உறையைப் பின்னால் இழுக்கும். சுமார் 70 செ.மீ. நீள அலகு, இரண்டு கைகளும் எதிரெதிர்த் திசையில் போவதால்தான் அவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது. வலது கையால் மட்டும் பிடுங்கினால் அலகு உறையின் வாயைப் பிளந்துகொண்டு இடது உள்ளங்கையில் இறங்கும். புதியவர்களுக்குக் கூரில்லாத வாளைக் கொடுப்பது அதற்காகத்தான். ஆரம்பம் மெதுவாக இருக்க வேண்டும், வேகம் முனை வெளியே வரும் கடைசி நாலு விரற்கடையில்.

சரி, ஜெனிட்சு எங்கே கதை விடுகிறான்? ஒன்று, தூரம். இயாய் ஓர் எட்டு, மிஞ்சினால் இரண்டு எட்டு எடுத்து வைக்கும் தூரத்து வேலை. இருபது மீட்டர் நேர்கோட்டில் ஓடி வருகிறவனைப் பார்த்து எதிராளி ஒதுங்கிக்கொள்வான். இரண்டு, உருவும் வெட்டு ஒரு கை வெட்டு. அது எதிராளியை நிறுத்தும், தடுமாற வைக்கும். முடிப்பது பெரும்பாலும் அதன் பிறகு இரண்டு கையால் தலைக்கு மேலிருந்து இறங்கும் வெட்டு. முதல் வடிவம் மட்டுமே தெரிந்தவன் பாதி வித்தையோடு நிற்கிறான் என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் முக்கியம். வாள் உறைக்குள் இருப்பது பலம் என்று அனிமே நம்ப வைக்கிறது. அது பலவீனம். அந்தப் பலவீனத்தைச் சமாளிக்கத்தான் இயாய் பிறந்தது. 1860 மார்ச் 24 அன்று எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டையின் சகுராதா வாசலில், கொட்டும் பனியில், ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் அரசில் தலைமை அமைச்சர் ஈ நவோசுகேயின் பல்லக்கை 18 பேர் மறித்தார்கள். காவலுக்கு வந்தவர்கள் சுமார் 60 பேர். ஆனால் ஈரம் படக்கூடாது என்று வாள் கைப்பிடிகளுக்குத் துணியுறை போட்டுக் கட்டியிருந்தார்கள். முடிச்சை அவிழ்க்கும் முன்பே பலர் விழுந்துவிட்டார்கள். நவோசுகே அங்கேயே கொல்லப்பட்டார். எவ்வளவு பெரிய இயாய் மேதையாக இருந்தாலும் அந்தத் துணியை அவிழ்த்தாக வேண்டுமே.

'ரூரோனி கென்ஷின்' நாயகன் கென்ஷினின் கடைசி நுட்பத்தில் இடது காலை முன்னே வைப்பதுதான் ரகசியம் என்கிறார்கள். உண்மையில் இடது காலை வைத்தால் காலே வெட்டுப்படுமா? (தழும்புக் கன்னம், யாழ்ப்பாணம்)

வாள் இடது இடுப்பிலிருந்து வருவதால், பொதுவாக வலது காலை முன்வைத்து உருவக் கற்றுக்கொடுக்கிறோம். அதுவரை 'ரூரோனி கென்ஷின்' சொல்வது சரி. ஆனால் இடது கால் முன்னே வரும் வடிவம் ரகசியமெல்லாம் இல்லை. நான் மேலே சொன்ன 12 வடிவங்களில் இரண்டாவதான உஷிரோ, பின்னால் இருப்பவனுக்காகத் திரும்பி இடது காலை வைத்து உருவுவது. முதல் வருட மாணவர் செய்வார். அலகு போகும் தளம் முழங்காலுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், காலுக்கு ஒன்றும் ஆகாது. இடது காலால் வெட்டின் வேகம் கூடி எதிரே இருப்பவன் காற்றில் உறிஞ்சப்படுவான் என்பது மட்டும் கதாசிரியரின் கொடை.

அப்படியானால் கென்ஷினுடையது மாதிரி கூர் முதுகுப் பக்கம் திரும்பிய வாளால் யாரையும் கொல்லாமல் சண்டை போட முடியுமா? (அதே வாசகர்)

முடியாது. ஒரு கிலோ எஃகுப் பட்டையைத் தலையில் இறக்கினால் கூர் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? காறை எலும்பு உடையும், மண்டை உடையும். அது போக, ஜப்பானிய வாளின் கூர்ப்பக்கம் கடினமாகவும் முதுகு மென்மையாகவும் பதப்படுத்தப்பட்டது. முதுகால் ஓங்கி அடித்தால் கூர்ப்பக்கம் இழுவிசைக்கு ஆளாகும். கடினமான எஃகுக்கு அது ஆகாது, விரிசல் விடும். கென்ஷின் பத்து வருடம் அலைந்தான் என்றால் வழியில் நிறைய வாள் மாற்றியிருப்பான்.

ஒரே வெட்டு. இருவரும் ஒருவரையொருவர் கடந்து போய் முதுகைக் காட்டி நிற்பார்கள். மூன்று நொடி கழித்து ஒருவன் விழுவான். இதில் எவ்வளவு நிஜம்? (மௌனம், கோலாலம்பூர்)

முதுகைக் காட்டுவதில் துளி நிஜமும் இல்லை. கெண்டோ போட்டியில் தலையில் சுத்தமாக அடி விழுந்தாலும், அடித்தவர் திரும்பி எதிராளியை நோக்கித் தயார் நிலையில் நிற்காவிட்டால் புள்ளி கிடையாது. வெட்டுப்பட்டவன் உடனே விழுவதில்லை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். விழாத அந்தச் சில நொடிகளில் அவன் கையில் இன்னும் வாள் இருக்கிறது.

நிஜச் சண்டை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? 1864 ஜூலை 8 இரவு, கியோட்டோவின் இகேதயா விடுதிக்குள், ஷோகுன் அரசுக்காக அந்த ஊரைக் காவல் காத்த ஷின்சென்குமி படை புகுந்தது. முடிந்த பிறகு தலைவர் கோண்டோ இசாமி தன் வளர்ப்புத் தந்தைக்குக் கடிதம் எழுதினார். அவர் ஆட்களில் நகாகுரா ஷின்பாச்சியின் வாள் ஒடிந்துவிட்டது, ஒகிதா சோஜியின் வாள்முனை போய்விட்டது, தோதோ ஹெய்சுகேயின் வாளோ கூர் முழுக்கப் பல்விட்டு மூங்கில் துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. தன்னுடையது கொதெத்சு என்ற பேர்பெற்ற கொல்லர் செய்த வாள் என்பதாலோ என்னவோ தப்பித்தது என்கிறார். ஒகிதாவை அனிமேக்களில் பூவைப் போல வெட்டிவிட்டு நடக்கிறவனாகக் காட்டுவார்கள். அவன் வாள் அன்று இரவு இருந்த நிலை அது.

சகுராதா வாசலில் சண்டை முடிந்ததும் பனியில் விரல்களும் காதுகளும் சிதறிக் கிடந்தன. நடுவில் அழகான இடைவெளி விட்டு நிற்க அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. பதற்றத்தில் நெருங்கி, வாளோடு வாள் முட்டித் தள்ளிக்கொண்டு கிடந்தார்கள். அப்போது முதலில் போவது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் விரல்தான்.

'ஒன் பீஸ்' ஜோரோ மாதிரி மூன்று வாள் பிடித்தால் ஆள் மூன்று மடங்கு பலமாகிவிடுவாரா? (திசை தெரியாதவன், கோவை)

இரண்டு வாள் வரை வாருங்கள், பேசலாம். ஜப்பானின் புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 1645 வாக்கில் எழுதிய 'கோரின் நோ ஷோ' என்ற நூலில் இரண்டு கையிலும் வாள் பிடிக்கச் சொல்கிறார். காரணம் இரண்டு மடங்கு வெட்டுவதற்காக இல்லை. குதிரைமேல், சேற்று வயலில், கூட்டத்துக்குள் இரண்டு கையாலும் ஒரே வாளைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் ஒற்றைக் கையால் வாளை ஆளப் பழகு என்கிறார். கெண்டோவிலும் 114 செ.மீ., 62 செ.மீ. வரையிலான இரண்டு மூங்கில் வாள்களோடு ஆட அனுமதி உண்டு. ஆடுகிறவர்கள் குறைவு, கஷ்டம் அப்படி.

வாயில் இருப்பதற்கு வருவோம். வெட்டுக்கு வலு பாதத்திலிருந்து கிளம்பி இடுப்பு வழியாகக் கைக்கு வருகிறது. தாடைக்கு வருவதில்லை. பக்கவாட்டில் நீட்டிய அலகின் முனையில் ஒருவன் ஓங்கித் தட்டினால், நெம்புகோல் வேலை செய்வது உங்கள் கடைவாய்ப் பல்லிலும் கழுத்திலும்தான். இத்தனைக்கும் அவன் அதைக் கவ்வியபடி தெளிவாகப் பேசுகிறான். எனக்கு அதுதான் பெரிய வித்தையாகத் தெரிகிறது.

வாளால் துப்பாக்கிக் குண்டை வெட்டலாமா? (பெயர் வேண்டாம், மதுரை)

கூர்ப்பக்கத்தில் பட்டால் ஈயக் குண்டு பிளக்கும். வாளை அசையாமல் பொருத்திவைத்துச் சுட்டு, ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். இயந்திரத் துப்பாக்கியை வைத்தபோது சில குண்டுகளில் வாள் உடைந்தது. ஆனால் கையால்? கைத்துப்பாக்கிக் குண்டு 10 மீட்டரை ஏறக்குறைய 0.03 நொடியில் கடக்கிறது. கண் பார்த்துக் கை அசையச் சுமார் 0.2 நொடி வேண்டும். மச்சி இசாவோ என்ற இயாய் கலைஞர் பொம்மைத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் குண்டை வெட்டிக் காட்டியவர், அதுவும் எந்தக் கோட்டில் வரும் என்று தெரிந்து தயாராக நின்று. இன்னொன்று, பிளந்த குண்டு அங்கேயே விழாது. இரண்டு துண்டாக உங்கள் மேலேயே வரும்.

'டீமன் ஸ்லேயர்' மிட்சுரியின் சாட்டை வாள் சுத்தக் கற்பனைதானே? (லவ் ஹஷிரா, நாகர்கோவில்)

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! இந்தப் பட்டியலிலேயே நிஜத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான், அதுவும் ஜப்பானில் இல்லை, நம் பக்கத்தில். சிலம்பக்காரர்களின் சுருள்வாள், களரிக்காரர்களின் உறுமி. இடுப்பில் பெல்ட் மாதிரிச் சுற்றிக்கொள்ளும் மெல்லிய எஃகுத் தகடு. இலங்கையின் போர்க்கலையான அங்கம்பொரவில் ஒரே பிடியில் பல தகடுகள் வைத்ததும் உண்டு.

கேடயத்தில் பட்டாலும் வளைந்து அந்தப்பக்கம் போய் வெட்டும். பலரைத் தள்ளி நிறுத்தும். ஆனால் சுழற்சி நின்ற நொடியில் அது வெறும் தகடு. திசை மாற்றும்போது மணிக்கட்டு தவறினால் சொந்த முதுகில் விழும். களரியில் இதைக் கடைசியாகத்தான் கையில் கொடுப்பார்கள். மிட்சுரி பக்கத்தில் தோழர்களை வைத்துக்கொண்டு சுற்றுகிறாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு நெஞ்சு பதறும்.

'ரூரோனி கென்ஷின்' சைட்டோவின் இடக்கைக் குத்தான கதோட்சு? (சுருக்கமாகக் கேட்கிறேன், சென்னை)

சுருக்கமாகவே: ஒற்றை இடக்கைக் குத்து கெண்டோவில் இன்றும் இருக்கிறது, தொண்டைக்கு. சைட்டோ ஹாஜிமேயும் நிஜ மனிதர், ஷின்சென்குமியின் மூன்றாம் பிரிவுத் தலைவர், பிறகு காவல்துறையில் சேர்ந்து 1915 வரை வாழ்ந்தவர். குத்து தவறினால் கை முழுக்க நீண்டு, உடம்பு திறந்து நிற்கும். சுவரை உடைத்துக்கொண்டு போவது மட்டும் வேண்டாம்.

ஆன்லைனில் ஒரு கத்தனா (ஜப்பானிய வாள்) வாங்கலாம் என்றிருக்கிறேன். பழக எது நல்லது? (ஆர்வலன், சேலம்)

முதலில் சட்டம். வீட்டு, விவசாய வேலைக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகு இந்தியாவில் ஆயுத விதிகளுக்குள் வருகிறது. உங்கள் ஊரில் உரிமம் வேண்டுமா என்று காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். அடுத்து, மலிவாக வரும் அலங்கார வாள்கள் துருப்பிடிக்காத எஃகில் செய்தவை, கைப்பிடிக்குள் போவது பல நேரம் பற்றவைத்த மெல்லிய கம்பி மட்டுமே. வேகமாக வீசினால் கம்பி ஒடிந்து அலகு தனியாகப் பறக்கும். சுவரில் மாட்ட வேண்டுமானால் மாட்டிக்கொள்ளுங்கள். பழக மரவாள் போதும், முதல் வருடம் முழுக்க. மொட்டை மாடியில் தனியாகப் பழகாமல், சொல்லித்தர ஓர் ஆளைத் தேடுங்கள்.