கத்தோலிக்கத் திருச்சபை பாலியல் பற்றிய அறிவியலை எதிர்க்கிறதா?

கல்யாணத் தயாரிப்பு வகுப்புக்குப் போகப் போகிறீர்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் 2006-இல் வேலூரில் போனேன். இறையியல் படித்தவள் இல்லை. கோயிலை விட்டு விலகியவளும் இல்லை, ஞாயிறு பூசை தவறுவதில்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் சபையைப் பழிக்கிறாள் என்று வந்துவிடுவார்கள்.

எதிர்க்கிறது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. கருத்தரிக்கும் நாட்கள் எவை என்று 1920-களில் ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவின் க்னாஸும் கண்டறிந்தார்கள். தக்க காரணம் இருந்தால் மற்ற நாட்களில் மட்டும் சேரலாம் என்று 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மருத்துவச்சிகளிடம் பேசும்போது சொன்னார். கருத்தடையை அனுமதிக்கலாம் என்று 1966-இல் திருத்தந்தையின் ஆலோசனைக் குழுவில் பெரும்பாலோர் சொன்னதை, 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தன் சுற்றுமடலில் ஏற்கவில்லை. ஆனால் அதே சுற்றுமடலில், இயற்கை முறைக்கு உறுதியான அடிப்படை தேடித்தரும்படி விஞ்ஞானிகளைக் கேட்டுக்கொண்டார்.

எங்களுக்கு ஒரு சிஸ்டர் பில்லிங்ஸ் முறையை, அதாவது கசிவைப் பார்த்துக் கருத்தரிக்கும் நாட்களைக் கண்டுகொள்வதை, சொல்லிக்கொடுத்தார். பி.எஸ்சி. விலங்கியல் படித்த எனக்கே என் உடம்பைப் பற்றி அவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. சமையலறைக் காலண்டரில் தினமும் ராத்திரி கலர் பென்சிலால் தீட்டுவேன். உதிரப்போக்குக்குச் சிவப்பு, வறண்ட நாளுக்குப் பச்சை. முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாகக் கசிந்தால் கருத்தரிக்கும் நாள், கட்டத்தை வெள்ளையாக விடுவேன். மூன்று வருஷம் பிசகவே இல்லை.

ஆனால் சிஸ்டர் இதைச் சொல்லும்போது ஆண்களை டீ குடிக்க அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தக் காலண்டர் என் சொந்த விஷயம். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருவார், வெள்ளைக் கட்டம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டாவதுக்குப் பால் கொடுத்த மாதங்களில் கசிவு தாறுமாறாக இருந்தது. எந்தப் பென்சிலை எடுப்பது என்று தெரியாமல் காலண்டர் முன்னால் நின்றிருக்கிறேன். மூன்றாவது தங்கியது. ரத்தம் ஏழு கிராம்தான் என்று டாக்டரம்மா திட்டினார். பிரசவத்துக்குப் பிறகு காப்பர்-டி வைத்துக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "கட்டுப்பாடாக இருக்க முடியாதா?" என்று ஃபாதர் என்னைக் கேட்டார். என் வீட்டுக்காரரிடம் போய் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் வகுப்புக்குப் போகும்போது மாப்பிள்ளையை டீக்கு அனுப்பினால், "இவரும் உட்காரட்டும், சிஸ்டர்" என்று கேளுங்கள். எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.