பத்து வருடம் போக முடிகிற இடம்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பேரணாம்பட்டு பக்கம். செல்போன் கடை ஒன்றில் வேலை. என் தங்கைக்கு 26 வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடமாகத் தையல் மிஷினில் இருந்தாள். போன ஆடியில் ஆரம்பித்தது. லைனில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள். அப்புறம் தூக்கம் போயிற்று. ராத்திரியில் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்து பதில் சொல்வாள். அம்மா சோளிங்கர் மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போய் மூன்று வாரம் தங்கிப் பார்த்தார். பிறகு வேலூரில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரையில் நல்ல மாற்றம். இப்போது தூங்குகிறாள், சமைக்கிறாள், டிவி பார்த்துச் சிரிக்கிறாள். வேலைக்கு மட்டும் நாலு மாதமாகப் போகவில்லை.

பிரச்சினை பணம்தான். டாக்டர் ஃபீஸ் 700, மாத்திரை மாதம் 2,300, கவுன்சலிங் தனியாக 1,000. அம்மா பீடி சுற்றுகிறார். குழுக் கடன் இரண்டு ஓடுகிறது, கம்மல் அடகில் இருக்கிறது. போன மாதம் பாதி மாத்திரைதான் வாங்க முடிந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிறோம். நன்றாகத்தானே இருக்கிறாள், நிறுத்திவிடலாம் என்கிறார் மாமா. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் பதிவாகிவிடும், கல்யாணம் ஆகாது என்று பயமுறுத்துகிறார்கள். உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன். எங்கே போவது? இன்னும் எத்தனை நாளுக்கு இப்படிச் செலவு செய்வது? இதையெல்லாம் தங்கையிடம் சொல்லலாமா?

ர., பேரணாம்பட்டு

அன்புள்ள ர.,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்து, பணம் இல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தோம் என்று உள்ளபடி சொல்லுங்கள். இனி எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, அதன்படி தினமும் கொடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டருக்கு இது தெரியாவிட்டால், அடுத்த முறை தூக்கம் கெட்டதும் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். மாத்திரையால்தான் உங்கள் தங்கை நன்றாக இருக்கிறாள். மாமாவிடம் சர்க்கரை மாத்திரையை உதாரணம் காட்டிப் பாருங்கள், அவருக்குப் புரியும்.

நாங்களும் இதே தப்பைச் செய்தோம். 1997இல் என் அண்ணனுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். அரை காணி நிலத்தை விற்று 26 நாள் வைத்திருந்தோம். நன்றாகி வீட்டுக்கு வந்தான். மாதா மாதம் மாத்திரை வாங்கப் பணம் வேண்டும் என்பதை நாங்களும் யோசிக்கவில்லை, அங்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லவும் இல்லை. ஐந்தாவது மாதம் மருந்தை நிறுத்தினோம். தை பிறப்பதற்குள் பழையபடி ஆகிவிட்டது, முதல் தடவையைவிட மோசமாக. விற்பதற்கு இன்னொரு அரை காணி இல்லை. அதற்குப் பிறகுதான் ஒரு வாத்தியார் சொல்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அண்ணன் இன்றைக்கும் அங்கேதான் மருந்து வாங்குகிறான். மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறான்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். இந்த மாதம் எவ்வளவு புரட்ட முடியும் என்பதை வைத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பத்து வருடம் கடன் வாங்காமல் போய் வர முடிகிற இடமா என்று பாருங்கள். தங்கைக்குப் பத்து வருடம் மருந்து தேவைப்படும் என்று சொல்ல வரவில்லை. முதல் தடவை வந்தவர்களுக்குக் குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் கொடுப்பார்கள், எப்போது குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த முடிவை அவர் எடுக்க வேண்டும், அடகுக் கடைக்காரர் எடுக்கக் கூடாது.

சரி, எங்கே போவது? உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஷூ கம்பெனியில் ஆறு வருடம் என்று. எனக்குக் கண்ணில் பட்டது அதுதான். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் அவளுக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருக்க வேண்டும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், மாதா மாதம் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டியிருக்கும். உடம்புக்கு எப்படியோ அப்படித்தான் மனதுக்கும், இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு, மருந்து இலவசம். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் தருவார்கள். நீண்ட நாள் நோய்கள் என்று 34 நோய்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நோய் என்றால் 80 சதவீதச் சம்பளம், இரண்டு வருடம் வரைகூடக் கிடைக்கும். காசநோய், புற்றுநோயோடு சைக்கோசிஸ் என்கிற மனநோயும் அதே பட்டியலில் இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கிற அறிகுறிகளைப் பார்த்தால் டாக்டர் இந்தப் பெயரை எழுதியிருக்கக் கூடும், சீட்டைப் பாருங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. ஆறு வருடம் வேலை பார்த்தவளுக்கு அது பெரிய தடையாக இருக்காது.

அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாளா? கொடுக்கவில்லை என்றால், யார் கேட்டாலும் எழுதிக் கொடுக்காதீர்கள். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி வாங்குகிறவரை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். சந்தா கட்டிய ஆறு மாதக் கணக்கை வைத்துத்தான் உதவி கிடைக்கும், நாள் போகப் போக அது கையை விட்டுப் போகும். கார்டில் எந்த டிஸ்பென்சரி என்று இருக்கிறதோ அங்கே போய், தனியார் டாக்டரின் சீட்டுகளைக் காட்டி, மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். சம்பளத்துக்கான சர்டிஃபிகேட் அந்த வழியாக வந்தால்தான் செல்லும்.

இ.எஸ்.ஐ. கைகொடுக்கவில்லை என்றால் வேலூர் பக்கம் அடுக்கம்பாறை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மருந்துக்குக் காசு இல்லை. அவ்வளவு தூரம் மாதா மாதம் போக முடியாது என்பீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். குடியாத்தத்தில் எந்தக் கிழமை, ஆம்பூரில் எந்தக் கிழமை என்று ஓ.பி. சீட்டு தருகிற இடத்திலேயே கேளுங்கள். 14416க்கு போன் செய்தாலும் சொல்வார்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் ஆரம்பித்தது அது, ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். போக வரச் செலவும் ஒரு செலவுதான். வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கும் தங்கைக்கும் டிக்கெட் இல்லை, அந்த வண்டிகளைப் பார்த்து ஏறுங்கள்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையமும் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் தூரத்து இடமெல்லாம் தேடுகிறார்கள், காட்பாடியில் டவுன் பஸ் ஏறினால் வந்துவிடுகிற இடத்தை மறந்துவிடுகிறார்கள். 1950களிலேயே அங்கே நோயாளியோடு வீட்டார் கூடவே தங்க வேண்டும் என்று வைத்தார்கள். கம்பிக்குப் பின்னால் விட்டுவிட்டு வருகிற பழக்கம் நாடெங்கும் இருந்த காலம் அது. அங்கே கட்டணம் உண்டு. முடியாதவர்கள் சமூகப் பணியாளரைப் பார்த்து வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும், கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள். சேர்த்து வைத்தியம் பார்க்கும் நிலை வந்தால் அதை யோசியுங்கள். மாதாந்திர மருந்துக்கு முதலில் சொன்ன இரண்டு வழிகளே போதும்.

அரசு மருத்துவமனை சொர்க்கம் என்று சொல்லி அனுப்பினால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள். காலை எட்டரைக்குப் போய் நின்றால் பன்னிரண்டுக்குக் கூப்பிடுவார்கள். போன தடவை பார்த்த டாக்டர் இந்தத் தடவை இருக்க மாட்டார். பத்து நிமிடம்தான் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் இருக்க என் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்று. தினம் ஒரு வரி: எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனைக்கு எழுந்தான், மாத்திரை போட்டானா, கை நடுங்கியதா, தனியாகப் பேசினானா. டாக்டர் உட்காரச் சொல்வதற்கு முன்பே அண்ணி நோட்டை விரித்து மேஜையில் வைத்துவிடுவார். புது டாக்டர்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு நேராக விஷயத்துக்கு வருவார்கள். இதுவரை பதினொரு நோட்டு ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பீரோவில் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இடம் மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். முதல் தடவை அரசு மருந்தைக் கொண்டுவந்தபோது அம்மா உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, மஞ்சளா இருந்தது வெள்ளையாப்பூட்ச்சி, தர்மத்துக்குக் குடுக்கறத நம்பறதா" என்று அழுதுவிட்டார். நிறமும் அட்டையும் கம்பெனியைப் பொறுத்தது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் என்று எதுவானாலும் பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரையும் அளவையும் ஒப்பிடுங்கள். அங்கே இல்லாத மருந்து ஏதாவது இருந்தால் அதே பெயரைச் சொல்லி, குறைந்த விலைக்கு மருந்து தருகிற மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். உங்கள் 2,300 ரூபாயில் பெரும்பகுதி அட்டையின் முன்பக்கத்தில் இருக்கிற பெயருக்காகக் கொடுப்பது. இப்போது பார்க்கிற டாக்டரிடம், இதுவரை கொடுத்த மருந்துகளை எழுதி ஒரு சீட்டு கேட்டு வாங்கிக்கொண்டு மாறுங்கள். உங்கள் தங்கையின் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

கவுன்சலிங்கை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. அவளுக்கு அது ஆறுதலாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்கான பணத்தைத் தொடாமல் முடிந்தால் மட்டும்.

பெயர் பதிவாகிவிடும் என்கிற பயம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் இரண்டு வருடம் அதனால்தான் வீணானது. நோயாளியின் விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. தனியார், அரசு எல்லாருக்கும் அது ஒன்றுதான். அதே சட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசு மனநல மருத்துவமனைகளில் இலவச வைத்தியம் உரிமை என்கிறது. உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் கடையில் குரூப் இன்ஷூரன்ஸ் போட்டால் தங்கையையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும், மாதாந்திர மாத்திரைக்குத் தராது. அதை நம்பி இப்போது கையில் இருப்பதைச் செலவழித்துவிடாதீர்கள். கல்யாணப் பேச்சைப் பிறகு பார்க்கலாம். பாதி மருந்தில் இருக்கிற பெண்ணுக்கு அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்து என்ன ஆனது என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

சோளிங்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். தக்கான் குளத்தில் முழுகி எழுந்து மலையேறுகிற எத்தனையோ குடும்பங்களோடு நானும் என் அம்மாவும் ஒரு காலத்தில் ஏறியிருக்கிறோம். அங்கே யாரும் எங்களை விட்டு விலகி நடக்கவில்லை, அந்த ஆறுதல் சின்னது இல்லை. மறுபடி போகிறேன் என்றால் போகட்டும், பையில் மாத்திரையும் இருக்கட்டும். கட்டிப்போடுகிற இடம் எதுவானாலும், என்ன பெயர் சொன்னாலும், அங்கே மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் இறந்தார்கள். யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று இப்போது சட்டமே இருக்கிறது.

கடைசியாக, தங்கையிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலை வேளையில், அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது. கம்மல் அடகில் இருப்பதைச் சொல்லி அவளைக் குற்ற உணர்ச்சியில் தள்ள வேண்டாம். சம்பளச் சீட்டையும் கார்டையும் எடுத்துவரச் சொல்லி அதில் ஆரம்பியுங்கள். அது அவள் ஆறு வருடம் மிஷினில் உட்கார்ந்து கட்டிய பணம், அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று அவளுக்கே ஒரு யோசனை இருக்கலாம். அவளோடு வேலை பார்த்தவர்களில் டிஸ்பென்சரிக்குப் போய்ப் பழகிய ஒருத்தியாவது இருப்பாள், அவளைக் கேட்டால் எந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். இந்த வாரமே போய்விட்டு, அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.