முதலில் இடுப்பு, பிறகு உச்சி: சகஸ்ராரத் தியானம் பற்றிக் கேள்வி பதில்

கொடைக்கானல் மலையில் யோகமும் தியானமும் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில், சகஸ்ராரத் தியானம் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஜாதகம், செய்வினை பற்றிய கேள்விகளை எடுக்கவில்லை. அதற்கு ஆள் நான் இல்லை.

சகஸ்ராரத் தியானம் என்றால் என்ன? வீட்டில் தனியாக எப்படித் தொடங்குவது? (பள்ளி ஆசிரியை, வில்பட்டி)

முதுகுத்தண்டு நெடுக மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை என்று, சக்கரங்கள் என்றும் அழைக்கப்படும் ஆறு ஆதாரங்களைச் சொல்லி, அவற்றுக்கு மேலே தலை உச்சியில் ஆயிரம் இதழ்த் தாமரையை வைத்தார்கள் நம் யோகிகள். அதுதான் சகஸ்ராரம். ஆறு ஆதாரங்களின் இதழ்களைக் கூட்டிப் பாருங்கள்: 4, 6, 10, 12, 16, 2. மொத்தம் 50. அந்த ஐம்பது இதழுக்கு உரிய ஐம்பது எழுத்துகள் இருபது முறை சுற்றிவர ஆயிரம் என்பது சாத்திரக் கணக்கு. கவனியுங்கள் அம்மா, ஆறு ஆதாரம் என்றுதான் சொன்னார்களே தவிர ஏழு என்று சொல்லவில்லை. சகஸ்ராரம் அந்த வரிசையில் சேராது. ஆறையும் கடந்தபின் வருவது. விநாயகர் அகவலில் ஔவை எழுப்பச் சொல்லும் கனலும் மூலாதாரத்தில்தான் இருக்கிறது, உச்சியில் இல்லை. கண்ணை மூடியதும் நேரே தலைக்கு ஏறப் பார்ப்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

செய்முறைக்கு வருகிறேன். விடியற்காலையில் வெறும் சிமெண்ட் தரையில் உட்கார வேண்டாம். இந்த ஊர்த் தரையின் சில்லிப்பு எலும்பில் ஏறும். ஒரு பலகை, அதன்மேல் மடித்த கம்பளி, புட்டத்தின் பின்பாதிக்கு மட்டும் இன்னொரு மடிப்பு. அந்த ஒரு மடிப்பு உயரத்தில் இடுப்பு சற்று முன்னால் சாயும், முழங்கால்கள் தாழும், முதுகு தானாக நிமிரும். தாடையைக் கொஞ்சம் உள்ளே வாங்கினால் பிடரி நீள்வது தெரியும். முதல் ஐந்து நிமிடம் வெளிமூச்சை மட்டும் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். தவறிப்போனால் மறுபடி ஒன்று. பிறகு, மூச்சு உள்ளே வரும்போது கவனம் வால் எலும்பிலிருந்து முதுகுத்தண்டு வழியாக மேலேறட்டும். வெளியே போகும்போது அதே வழியில் இறங்கட்டும். இப்படிப் பத்து நிமிடம்.

அதற்குப் பிறகுதான் உச்சி. இடம் பிடிபடாவிட்டால் விரலால் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு காதுகளிலிருந்தும் விரல்கள் நேர் மேலே ஏறினால் சந்திக்கும் இடம் அது. அதற்குச் சற்று முன்னால் இருப்பதுதான் பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி. ஒன்றரை வயதுவாக்கில் எலும்பு மூடிக்கொள்ளும். தொட்ட விரலை எடுத்த பிறகும் அங்கே ஒரு மெல்லிய குறுகுறுப்பு தங்கும். அதன்மேல் கவனத்தை வையுங்கள், அழுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் போதும். முடிக்கும்போது கவனத்தை அடிவயிற்றுக்கு இறக்கி, அங்கே சில மூச்சுகள் இருந்துவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்களில் ஒற்றி எழுந்திருங்கள். இந்த இறக்கத்தைத் தவிர்ப்பவர்கள்தான் நாள் முழுக்கத் தலை பாரமாக இருக்கிறது என்று வருகிறார்கள்.

குளிருக்காகக் கரிக் கணப்பு மூட்டி, கதவு சன்னலைச் சாத்திவிட்டு உட்காருகிறேன். அரை மணி நேரத்தில் உச்சி கனத்து, உடம்பு மறந்து, மயங்கியது போல ஒரு நிலை வருகிறது. சமாதியின் முதல் படியா? (பூண்டு விவசாயி, பூம்பாறை)

இல்லை ஐயா. இன்று இரவே அந்தக் கணப்பை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலை கனம், பிறகு குமட்டல், தூக்கக் கலக்கம், அதன்பின் நினைவே இருக்காது. மலை ஊர்களில் அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் விடியும்போது எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. வாசலில் காற்றாட நின்றதும் அந்தக் கனம் குறைகிறதா? அதே அறையில் படுக்கும் மற்றவர்களுக்கும் காலையில் தலை வலிக்கிறதா? அப்படியென்றால் அது புகையில்லாத நஞ்சு. ஏற்கெனவே குமட்டலோ தடுமாற்றமோ வந்திருந்தால் மருத்துவமனைக்குப் போய், கரி மூட்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்கு இரண்டு கம்பளி, சுடுநீர்ப் பை, கம்பளிக் காலுறை. சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தே உட்காருங்கள்.

கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு செய்யலாமா? உச்சியை மூடினால் பிரபஞ்ச சக்தி இறங்காது என்கிறார் என் நண்பர். (மன்னவனூர்)

கம்பளி நூல் தடுக்கிற அளவுக்குப் பிரபஞ்ச சக்தி பலவீனமானது என்றால் அதற்காக நாம் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? போட்டுக்கொள்ளுங்கள். காதையும் மூடுங்கள்.

வார இறுதியில் கீழிருந்து வந்து, விடுதியில் கும்பகம் (மூச்சை அடக்கி நிறுத்துவது) செய்து உச்சியில் கவனம் வைத்தேன். தலை பிளக்கிறது. சக்கரம் திறப்பதால் வரும் வலியா? (வங்கி ஊழியர், வத்தலக்குண்டு)

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் மேல். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த களைப்பு, தண்ணீர் சரியாகக் குடிக்காதது, போதாததற்கு மூச்சை அடக்குவது. தலை பிளக்காமல் என்ன செய்யும்? வந்த முதல் இரண்டு நாள் கும்பகமே வேண்டாம். இயல்பான மூச்சைக் கவனித்தால் போதும்.

இதே வலி மலைவாசிகளுக்கும் வருவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கண். உச்சியை நினைக்கச் சொன்னால் மூடிய இமைக்குள் கருவிழியை மேலே செருகிக்கொள்கிறார்கள். புருவம் சுருங்கும், பல் கடிபடும், பிடரி இறுகும். ஒருவர் தியானத்தில் இருக்கும்போது எதிரே நின்று நெற்றியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். கண்களை மூக்கு நுனியின் பக்கம் தளர விடுங்கள், நாக்கை மேல் அண்ணத்தில் லேசாக ஒட்டவிடுங்கள். அப்படியும் வலி தொடர்ந்தாலோ, இதுவரை காணாத கடுமையில் திடீரென்று வந்தாலோ, வாந்தி, பார்வை மங்கல் சேர்ந்துகொண்டாலோ போக வேண்டிய இடம் மருத்துவமனை. யோகா வகுப்பு அல்ல.

நீட் தேர்வுக்குப் படிக்கிறேன். இந்தத் தியானத்தால் ஞாபக சக்தி கூடும், மனம் கூர்மையாகும் என்கிறார்களே? (மாணவர், ஒட்டன்சத்திரம்)

தம்பி, மதிப்பெண் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2014-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. தியானப் பயிற்சிகள் பற்றிய 47 சோதனைகள், 3,515 பேர். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை குறைவதற்கு மிதமான சான்று கிடைத்தது. கவனம் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. அதிலும் அவர்கள் பார்த்தது பொதுவான தியான முறைகளை. உச்சித் தியானத்தைத் தனியே பிரித்து அல்ல.

ஆனால் பதற்றம் குறைவதே உனக்குப் பாதி லாபம். படித்தது மறந்துபோவதைவிட, வினாத்தாளைக் கண்டதும் மறைந்துபோவதுதான் பலருக்குச் சிக்கல். படிக்க உட்காருமுன் பத்து நிமிடம் வெளிமூச்சை எண்ணு. உச்சியெல்லாம் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம். இரவு ஏழு மணி நேரம் தூங்கு. அதைக் குறைத்துக்கொண்டு விடியற்காலையில் தியானம் செய்வது வீண்.

ஒரு விடுதியில் மூன்று நாள் முகாம், சகஸ்ராரத்தைத் திறந்துவிடுவார்களாம். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளம். போகலாமா? (திண்டுக்கல்)

இந்த மலையில் குறிஞ்சியே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கிறது. 2018-ல் பூத்தது, இனி 2030. மூன்று நாளில் ஆயிரம் இதழைத் திறப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: திறந்தது எனக்கு எப்படித் தெரியும்? பதில் 'நீங்களே உணர்வீர்கள்' என்று வந்தால், உணராமல் போகும்போது தவறு உங்கள் தலையில்தான் விழும். ஓய்வுக்காகப் போவதென்றால் போங்கள்; அதற்கு இதைவிட மலிவான அறைகள் உண்டு.

ஊதா நிற ஒளியைத் தியானிக்கச் சொல்கிறார்கள், ஊதாக்கல் மோதிரமும் விற்கிறார்கள். நம் மரபில் இது உண்டா?

இல்லை. ஆறு சக்கரங்களை விரிவாக வர்ணிக்கும் நூல்களில் பெயர்பெற்றது வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577-ல் எழுதிய ஷட்சக்ர நிரூபணம். அதில் சகஸ்ராரம் முழுநிலவைவிட வெண்மையாக, கீழ்நோக்கிக் கவிழ்ந்த தாமரை. ஆங்கிலேயரான ஜான் உட்ராஃப் 1919-ல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகு மேல்நாட்டில் சக்கரங்கள் பரவின. மூலாதாரம் சிவப்பு, உச்சி ஊதா என்று வானவில் வரிசையில் அடுக்கியது அதற்கும் வெகு பின்னால், இருபதாம் நூற்றாண்டில் அங்கே நடந்த வேலை. ஊதா நிறம் உங்களுக்கு அமைதி தருமானால் நினைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை. கல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மாதவிலக்கு நாட்களில் உட்காரலாமா?

உட்காரலாம். வயிற்று வலி இருந்தால் படுத்துக்கொண்டும் மூச்சைக் கவனிக்கலாம்.

இருமுனைக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தியானத்தில் மனம் தெளிந்துவிட்டது, நான்கு மணி நேரத் தூக்கமே போதுமாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், எல்லாம் புரிந்துவிட்டதுபோல் இருப்பது உங்கள் நோயின் எழுச்சிக் கட்டம் தொடங்குவதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். இந்த வாரமே உங்கள் மனநல மருத்துவரைப் பாருங்கள். தூக்கக் கணக்கையும் தியானத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை நீண்ட அமர்வு, மௌன முகாம், உச்சிக் கவனம் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். காலையில் நடங்கள். வீட்டில் ஒருவருக்காவது இதைத் தெரியப்படுத்துங்கள்.

வட்டக்கானல் பக்கம் கிடைக்கும் காளானைச் சாப்பிட்டால் சகஸ்ராரம் உடனே திறக்கும் என்கிறார்களே?

அதில் உள்ள சைலோசைபின் என்ற மாயத்தோற்றம் தரும் பொருள் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டது. நிறம் மாறுவதும் உருவம் ஆடுவதும் வேதியியல். அதுபோலவே தோன்றும் நச்சுக் காளானைப் பறித்துவிட்டால் கல்லீரல் போய்விடும். இதற்குமேல் இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க விருப்பமில்லை.

பல மாதமாக விடாமல் உட்காருகிறேன். ஒளியும் இல்லை, ஓசையும் இல்லை. இறைவனோடு தொடர்பு என்கிறார்கள், எனக்கு முழங்கால் வலியோடுதான் தொடர்பு. சித்தர் போகர் வாழ்ந்த மலையிலேயே இப்படி என்றால்? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், பண்ணைக்காடு)

உங்கள் கேள்வியை ரசித்தேன் ஐயா. பழனி மூலவரைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார், பூம்பாறைக் குழந்தை வேலப்பரும் அவர் கைவேலை என்பது இந்த மலையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒருவரை உட்கார வைக்கும். உட்கார்ந்தபின் வேலை நம்முடையது. மலை நமக்காகத் தியானம் செய்யாது.

ஒளி, மணியோசை, உச்சியில் எறும்பு ஊர்வது போன்றவை சிலருக்கு வரும், பலருக்கு வராது. வந்தவர் முன்னேறினார் என்றோ வராதவர் பின்தங்கினார் என்றோ நான் எண்ணுவதில்லை. மரபிலேயே ஒரே குரல் கிடையாது. சகஸ்ராரத்தையும் தாண்டி, தலைக்கு மேலே பன்னிரண்டு விரற்கடை உயரத்தில் துவாதசாந்தம் என்று ஒரு நிலையைச் சொல்லுகிறது சைவம். ரமண மகரிஷியோ இருதயமே இருப்பிடம், உச்சியோடு பயணம் முடிவதில்லை என்றார். பெருமாள்மலையில் ஏசு சபைத் துறவி ஒருவர் 1996-ல் தொடங்கிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. ஜென் மரபில் கவனம் அடிவயிற்றில். இத்தனை பேரும் ஒரே உடம்பில் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறார்கள் என்றால், இடத்தைவிட அங்கே தங்குவதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே ஒளியைத் தேடாமல் வேறு சிலவற்றைப் பாருங்கள். கோபம் வந்த பின் தணிய முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு? ஒருவர் பேசும்போது, பதிலைத் தயாரிக்காமல் முழுதும் கேட்க முடிகிறதா? கோயிலில் கை கூப்பும்போது வேண்டுதல் பட்டியல் குறைந்திருக்கிறதா? வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இறந்துபோன அம்மாவோடு உச்சித் தியானத்தில் பேச முடியுமா? (கொடைக்கானல்)

முடியும் என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தராது, தங்கை. அமைதியாக உட்காரும்போது அம்மாவின் முகமும் குரலும் தெளிவாக வரும். அழுகையும் வரும், வரட்டும், அடக்க வேண்டாம். ஆனால் உச்சியில் வைக்காமல் நெஞ்சில் வைத்து உட்காருங்கள், கண்ணைப் பாதி திறந்து வையுங்கள், நேரத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பேச வைக்கிறேன் என்று பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கால் மரத்துப்போகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுமா? நாற்காலியில் உட்கார்ந்தால் பலன் குறையுமா?

குறையாது. முதுகு சாயாமல், பாதம் இரண்டும் தரையில் படுகிற உயரத்தில் நாற்காலி இருந்தால் போதும். பாதத்துக்குக் கீழே கம்பளி போடுங்கள். தரையில்தான் உட்காருவேன் என்றால், மரத்ததும் காலை மாற்றிக்கொள்ளுங்கள். மரத்த காலோடு மட்டும் சட்டென்று எழ வேண்டாம். நீட்டி, கட்டைவிரலை ஆட்டி, உணர்வு திரும்பிய பிறகு எழுந்திருங்கள். வயதானவர்கள் தியானம் முடிந்து கணுக்கால் பிசகி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.