அன்றாட உந்துதல் என்பது என்ன? ஓவியம், இசை, உடை, வானிலை இவற்றிலிருந்து அது எப்படிக் கிடைக்கிறது?

வெளியே கண்ட ஒன்று, மனதில் ஏற்கெனவே கிடக்கும் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு, "இதை நாமும் செய்து பார்க்கலாமே" என்று தோன்றவைப்பதுதான் உந்துதல்.

தினமும் பார்ப்பதை மூளை கவனிக்காமல் விட்டுவிடும். ஏதாவது மாறினால்தான் விழித்துக்கொள்ளும். அதற்கு வானிலையே போதும். கோடையில் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. நண்பகலை ஒட்டி அது நுழையும் நேரத்தில் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்று பாருங்கள். படகுக் கொடிகள் ஊர்ப்பக்கம் திரும்பிப் படபடக்கும். நேற்றுவரை கண்ணில் படாத வண்ணங்கள் எல்லாம் தெரியும். அங்கிருந்து துணிக்கடைகள் நிறைந்த பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போனால், கடை வாசலில் தொங்கும் துணிகளை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

இசையில், வடசென்னையின் கானா இன்னும் நல்ல உதாரணம். சாவு வீட்டிலும் தெருமுனையிலும், கைக்குக் கிடைத்ததைத் தட்டித் தாளம் பிடித்து வளர்ந்த பாட்டு அது. சுற்றி இருப்பதிலிருந்தே உந்துதல் கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்பட்டதில்லை.

பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் உந்துதலும். ஒரு கரண்டி மோர் போதும். ஆனால் வெதுவெதுப்பான பால் முதலில் இருக்க வேண்டும். பழகிய கையும் நிறையக் கேட்ட காதும்தான் அந்தப் பால்.

உந்துதல் வந்த பிறகே வேலையில் உட்கார வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். பாதி வரைந்துகொண்டிருக்கும்போதும் அது வரும்.