சிங்கப்பூரில் ஒரே ஒரு ராத்திரி

வேறு நாட்டுக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் ஒரு இரவு மட்டும் தங்குகிறவர்கள் எழுதிய கடிதங்கள் இந்த இதழில். கேள்விகள் பலவிதம் என்றாலும் எல்லாருக்கும் ஒரே கவலை: கையைக் கடிக்காத அறை வேண்டும், தூங்கவும் முடிய வேண்டும்.

கேள்வி: ஓர் இடத்தில் 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறது. இன்னோர் இடத்தில் 138 வெள்ளி, வரி உள்பட. எது மலிவு?
– வாசகர், திருச்சி

138 வெள்ளிதான் மலிவு. முதல் கூட்டல் குறி 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது ஜிஎஸ்டி, 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். இரண்டையும் சேர்த்து 19 சதவீதம் என்று கணக்குப் போட்டால் தப்பு, ஏனென்றால் சேவைக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு. 120-உடன் 12 சேர்ந்து 132. அதற்கு 9 சதவீதம் 11.88. ஆக மொத்தம் 143 வெள்ளி 88 காசு.

சின்ன விடுதிகள் பல சேவைக் கட்டணமே வாங்குவதில்லை. அதனால் தேடல் பட்டியலின் முதல் பக்கத்து விலையை வைத்து முடிவு செய்யாமல், பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய் ஒப்பிடுங்கள். கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா, வெள்ளியிலா?" என்று கருவி கேட்கும். வெள்ளியிலேயே கட்டுங்கள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தை அந்தக் கருவிக்காரரே போட்டுக்கொள்வார், பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

கேள்வி: சென்னையிலிருந்து ராத்திரி விமானம். காலை ஆறு மணிக்கு இறங்குகிறோம். விடுதியில் மூன்று மணிக்குத்தான் அறை என்கிறார்கள். ஒன்பது மணி நேரம் எங்கே போவது?
– வாசகி, கும்பகோணம்

சென்னை–சிங்கப்பூர் பயணம் சுமார் நாலேகால் மணி நேரம்தான். கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுவதால், பதினொரு மணிக்கு ஏறினால் தூங்காமலே விடிந்துவிடும். ஒரு ராத்திரி தங்குகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பெட்டியை விடுதியில் கொடுத்துவிட்டு ஊர் சுற்றலாம். வந்த அன்றும் காலி செய்த அன்றும் பெரும்பாலான விடுதிகள் காசில்லாமல் வைத்துக்கொள்ளும். ரசீது வில்லையை வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். முந்தின விருந்தினர் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்கிறார், அதற்குப் பிறகுதான் துப்புரவு தொடங்குகிறது. காலை ஏழு மணிக்குப் போய்க் கெஞ்சிப் பயனில்லை. பன்னிரண்டரை மணிக்கு ஒரு தடவை கேளுங்கள், பல நாள் முன்கூட்டியே கிடைத்துவிடும். குளியலை விமான நிலையத்திலேயே முடித்துவிட நினைத்தால் குடிநுழைவுச் சோதனையை (இமிகிரேஷன்) தாண்டுமுன் பாருங்கள். கட்டணத்துக்குக் குளிக்கும் இடங்கள் பெரும்பாலும் உள் பகுதியில்தான்.

வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் முந்தின இரவையும் சேர்த்துப் பதிவு செய்வதுதான் நல்லது. 15-ஆம் தேதி காலை இறங்குகிறவர் 14, 15 இரண்டு இரவுக்கும் கட்ட வேண்டும். அப்படிச் செய்தால், "15 காலை ஏழு மணிக்குத்தான் வருவோம், அறையை வைத்திருங்கள்" என்று விடுதிக்கு எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் 14-ஆம் தேதி இரவு ஆள் வரவில்லை என்று முழுப் பதிவையும் ரத்து செய்துவிடுவார்கள்.

நள்ளிரவு தாண்டி இறங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். 15-ஆம் தேதி 12.40-க்கு இறங்கினால் உங்களுக்கு வேண்டியது 14-ஆம் தேதி இரவு.

கேள்வி: "ஜன்னல் இல்லாத அறை" என்று வெளிப்படையாகவே எழுதி 20 வெள்ளி குறைத்துத் தருகிறார்கள். எடுக்கலாமா? சாப்பாடு, அறைச் சேவை எதுவும் கிடையாதாமே?
– வாசகர், மதுரை

நம் ஊரில் ஹோட்டல் என்றால் முதலில் சாப்பாடு. அங்கே இந்த விலைக்குக் கிடைப்பதை லாட்ஜ் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. கட்டில், ஏசி, குளியலறை, துண்டு, கெட்டில், வைஃபை. அவ்வளவுதான். பெட்டி தூக்க ஆள், அறைக்குக் காபி எல்லாம் கிடையாது. இஸ்திரிப் பெட்டி மாடிக்கு ஒன்று வராந்தாவில் இருக்கும். பல் துலக்கும் பிரஷ் சில இடங்களில் காசுக்கு. அறையின் பரப்பு 100 சதுர அடிக்கு அக்கம்பக்கம். இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் விரித்துப் போட இடம் இருக்காது. ராத்திரிக்கும் மறுநாளுக்கும் வேண்டியதை ஒரே சின்னப் பையில் கட்டி வையுங்கள்.

லிட்டில் இந்தியா, ஜாலான் புசார் பக்கத்து விடுதிகள் பல, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகள். முகப்பு குறுகல், உள்ளே நீளம், இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். ஜன்னல் வைக்க முன்பக்கமும் பின்பக்கமும்தான் உண்டு. நம் ஊர் வீட்டு முற்றம் போல நடுவில் திறந்தவெளி விட்டுத்தான் அக்காலத்தில் காற்றும் வெளிச்சமும் வாங்கினார்கள். அந்த வீட்டை இருபது அறையாகத் தடுத்தால் நடுவில் மாட்டும் அறைக்கு ஜன்னல் ஏது?

ஒரு ராத்திரிக்குத் தாராளமாக எடுக்கலாம். உண்மையில் சத்தம் குறைந்தது அந்த நடு அறைதான். முன் அறைக்குச் சாலை இரைச்சல். பின் அறைக்குச் சந்தில் வரிசையாகத் தொங்கும் ஏசி இயந்திரங்களின் உறுமல், கீழே சாப்பாட்டுக் கடை இருந்தால் எண்ணெய்ப் புகை. ஆனால் ஜன்னல் இல்லாத அறையில் விடிந்தது தெரியாது. அலாரம் வைக்காமல் படுத்து விமானத்தைக் கோட்டை விடாதீர்கள். ஆஸ்துமாக்காரருக்கும், மூடிய இடத்தில் பயப்படுகிறவருக்கும் இது வேண்டாம். "ஜன்னல் உண்டு" என்று போட்டிருந்தாலும் வெளிப்புறம் பார்த்த ஜன்னலா என்று கேளுங்கள். வராந்தாவைப் பார்த்துத் திறக்கும் ஜன்னலுக்கும் அதே பெயர்தான்.

ஜன்னலைவிட முக்கியமான கேள்வி, லிஃப்ட் இருக்கிறதா என்பது. கடைவீட்டுப் படிக்கட்டு செங்குத்து, குறுகல். 23 கிலோ பெட்டியோடு மூன்றாவது மாடி ஏறியவருக்கு அந்த 20 வெள்ளி லாபம் இனிக்காது.

கேள்வி: அறைக்குள் நுழைந்ததும் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்? போன தடவை குளியலறையில் சாக்கடை நாற்றம், இரவெல்லாம் தூக்கம் இல்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

அந்த நாற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். அறை சில நாள் பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடுகிறது. ஷவரைத் திறந்து இரண்டு நிமிடம் அந்த ஓட்டைக்குள் தண்ணீர் போக விடுங்கள். குப்பைக்கூடையில் பிடித்து ஊற்றினாலும் சரி. எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்தும் நாற்றம் அடித்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். ஈரத்துணி வாடை ஏசியிலிருந்து வந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே மாற்றுங்கள். அது உள்ளே படிந்த பூஞ்சை, ராத்திரியில் யாரும் வந்து கழுவப் போவதில்லை.

பெட்டியைக் கட்டில்மேல் வைக்குமுன் இன்னொன்று. விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். பேனா மையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி. அதுவரை பெட்டி குளியலறைத் தரையிலோ மேடையிலோ இருக்கட்டும். வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தால் ஒழிக்கச் செலவாகும் பணத்தில் நல்ல ஹோட்டலிலேயே தங்கியிருக்கலாம்.

வெந்நீருக்கான ஸ்விட்ச் பல இடங்களில் குளியலறைக்கு வெளியே இருக்கும். சேமிப்பு ஹீட்டர் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போட வேண்டும். குளிக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே தடுப்பு இல்லாவிட்டால் குழாயைப் பாதி அளவே திறங்கள். முடி அடைத்த ஓட்டையில் தண்ணீர் மெல்லத்தான் இறங்கும், மிச்சம் கட்டிலடிக்கு வரும். சின்னப் பிளாஸ்டிக் மக் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். ஏன் என்று விளக்க வேண்டாம்.

சாவி அட்டையைச் சுவரில் செருகினால்தான் மின்சாரம். அதை எடுத்துக்கொண்டு வெளியே போனால் போன் சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும். இரண்டாவது அட்டை கேட்டு வாங்குங்கள். பிளக் மூன்று பட்டைக் கம்பி உள்ள பிரிட்டிஷ் மாதிரி, 230 வோல்ட். நம் உருண்டைக் கம்பிக்கு அடாப்டர் வேண்டும். மறந்துவிட்டால் லிட்டில் இந்தியாவில் உள்ள முஸ்தபா என்ற பெரிய கடையில் கிடைக்கும். ஆனால் அது 24 மணி நேரமும் திறந்திருந்த காலம் போய்விட்டது, விடிகாலை மூன்று மணிக்குப் போய் நிற்காதீர்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: முன்பணம் 50 வெள்ளி கார்டில் பிடித்தார்கள். அறையைக் காலி செய்து ஒரு வாரம் ஆகியும் திரும்பவில்லை.
– வாசகர், சேலம்

பிடித்தவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை, முடக்கி வைத்திருக்கிறார்கள். விடுதி விடுவித்தாலும் உங்கள் வங்கி கணக்கைச் சரிசெய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு என்றால் கையில் உள்ள பணமே அதுவரை உறைந்து நிற்கும். முடக்குவதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள், அல்லது ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விடியுமுன் கிளம்புகிறவர், அந்த நேரத்தில் ரொக்கத்தைத் திருப்பித்தர ரிசப்ஷனில் ஆள் உண்டா என்று முந்தின இரவே கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் போகலாமா? வழி சொல்லுங்கள்.
– வாசகர், காரைக்குடி

ரயிலடி இரண்டாவது, மூன்றாவது முனையங்களுக்குக் கீழே. ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிற டவுன்டவுன் லைனுக்கு மாறுங்கள். அதே ரயில் லிட்டில் இந்தியா வரை போகும். ஆனால் அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று பாருங்கள். அந்த வண்டி முதலில் ஜாலான் புசாருக்கு வந்துவிட்டு, சைனாடவுன், பேஃபிரன்ட், பூகிஸ் என்று ஊரைச் சுற்றி இன்னும் ஒன்பது நிலையம் கடந்துதான் லிட்டில் இந்தியாவைத் தொடும். லிட்டில் இந்தியாவின் முக்கியச் சாலையான செராங்கூன் சாலைக்குக் கிழக்கே இருக்கும் விடுதிகள் பலவற்றுக்கு ஜாலான் புசாரில் இறங்கிப் பத்து நிமிடம் நடப்பதே சீக்கிரம். பெருமாள் கோயில், முஸ்தபா பக்கம் என்றால் ஃபேரர் பார்க் நிலையம் அருகில்.

தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம். தொட்டால் வேலை செய்யும் விசா, மாஸ்டர் கார்டைக் கதவில் காட்டினால் போதும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். வெளிநாட்டுக் கார்டுக்கு நாளொன்றுக்கு 60 காசு கூடுதல். இரவு பதினொரு மணிக்கு மேல் ரயிலை நம்பாதீர்கள். நாலு பேர், நாலு பெட்டி என்றால் டாக்சியே மேல். தூரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: கேலாங்கில் விலை குறைவாக இருக்கிறதே? தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டிலும் ஓர் இரவு தங்க இடம் கிடைக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

வீடு வேண்டாம். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடியான வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம். உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம்.

கேலாங்கில் சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி, மணிக்கணக்கில் விடும் அறைகளும் உண்டு. திருட்டு பயம் என்று இல்லை. குடும்பத்தோடு இரவில் நடக்கச் சங்கடமாக இருக்கும். லாவண்டர், காலாங் ரயிலடிப் பக்கம் தேடினால் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

கேள்வி: அம்மா வெளியில் சாப்பிட மாட்டார். சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா? காலையில் ஊதுபத்தி ஏற்றும் வழக்கமும் உண்டு.
– வாசகி, திருநெல்வேலி

இரண்டும் வேண்டாம். அறைக் கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது. ஊதுபத்தி, கற்பூரம் எதுவானாலும் அது அலறும், கட்டடமே கீழே இறங்கி நிற்கும், அபராதமும் உங்கள் தலையில். கெட்டிலில் அரிசி வேக வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்; அடுத்து வருகிறவர் அதில் காபி போடுவார் என்பதை நினைத்தாவது விட்டுவிடுங்கள். வெந்நீர் ஊற்றினால் ஊறும் அவல், உப்புமா மிக்ஸ், ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா போதும். செராங்கூன் சாலையில் தங்கினால் சைவ உணவகம் நடக்கும் தூரத்தில். கோமள விலாஸ் 1947-லிருந்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்க விசா இருந்தால் சிங்கப்பூருக்கு விசா வேண்டாமாமே?
– வாசகர், சென்னை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்துக்கொண்டு, மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இறங்குகிறவருக்கு 96 மணி நேரச் சலுகை உண்டு. அடுத்த விமானத்தின் உறுதியான டிக்கெட் கையில் வேண்டும், முடிவு அதிகாரியுடையது. புறப்படுமுன் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். வருகை அட்டையை அதே தளத்தில், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம்; பணம் கேட்கும் தளம் போலி.

அடுத்த விமானத்துக்கு நடுவே எட்டு ஒன்பது மணி நேரம்தான் என்றால் ஊருக்குள் வராதீர்கள். சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் அறை தரும் விடுதிகள் இருக்கின்றன. பதிவு செய்யுமுன் அது குடிநுழைவுக்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் கட்டடத்தில் உள்ளது வெளியே. அதற்கு விசாவோ மேலே சொன்ன சலுகையோ வேண்டும்.