தாத்தாவின் ஜப்பான் கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உசிலம்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய தமிழ்ச் சிப்பாய்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் அப்பாவைப் பெற்ற தாத்தா பட்டாளத்தில் லாரி ஓட்டுநராக இருந்தவர். ஊரில் அவரை ‘ஜப்பான் சண்டைக்குப் போனவர்’ என்பார்கள். 1946-இல் அங்கிருந்து அவர் தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதங்கள் அண்மையில் ஒரு தகரப்பெட்டியில் கிடைத்தன. ஊரில் ரேகைச் சட்டம் என்று சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி இராத்தோறும் சாவடியில் போய்ப் படுத்தவர் அந்தத் தகப்பனார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கள்ளர் சமூகத்துப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய கள்ளர் பள்ளியில் படித்த என் சின்னத்தாத்தா வாசித்துக் காட்டக் கேட்டிருப்பார்.

பெரிய எதிர்பார்ப்போடு பிரித்த எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பக்கம் பக்கமாக வீட்டு விசாரணைதான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, செவலைப் பசு ஈன்றதா, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று கேட்கிறார். ஜப்பானைப் பற்றி எழுதுமிடத்தில் மலைச்சரிவில் படிப்படியாக வயல் இருப்பதையும், பொம்பளைகளே நாற்று நடுவதையும், மனிதக் கழிவை வயலுக்கு உரமாக ஊற்றுவதையும், லாரியைக் கண்டால் பிள்ளைகள் ஓடி வருவதையும் சொல்கிறார். ஒரு கிழவர் தமக்குக் குனிந்து வணக்கம் சொன்னதும் ‘எனக்குக் கூச்சமாகிப் போச்சு’ என்கிறார். ஹிரோஷிமாவைப் பற்றி உள்ளது இவ்வளவே: ‘ரயிலில் அந்த ஊரைத் தாண்டி வந்தோம். ஊர் இல்லை.’ அவ்வளவு பெரிய வரலாற்றின் நடுவே நின்றவர் கண்ணை வீட்டு நினைவு மறைத்துவிட்டதா? இவற்றை அச்சிடலாம் என்றால், வீட்டு விசாரணைகளை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் தொகுக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தா ஜப்பானுக்குச் சண்டையிடப் போகவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1945 செப்டம்பர் 2-ஆம் நாள் ஜப்பான் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு அங்கே சென்ற காமன்வெல்த் ஆக்கிரமிப்புப் படையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரிட்டிஷ் வீரர்களோடு இந்திய வீரர்களும் இருந்தார்கள். படையின் தலைமைத்தளம் ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள குரே துறைமுகத்தை ஒட்டி இருந்தது. இந்தியக் காலாட்படைப் பிரிகேடு ஒன்று, பின்னாளில் நம் தரைப்படைத் தளபதியான திம்மையாவின் தலைமையில், ஜப்பான் கடலோரத்தில் இருக்கும் மட்சுயே பகுதியில் நிறுத்தப்பட்டது. வெடிமருந்துகளை அழிப்பது, வெளிநாடுகளிலிருந்து திரும்பும் ஜப்பானியரை இறக்கி அனுப்புவது, கடற்கரையைக் காவல் காப்பது, இவ்வளவுக்கும் வேண்டிய அரிசியையும் எண்ணெயையும் மலைப்பாதைகளில் ஏற்றிச் செல்வது என்று அந்தப் படையின் வேலைகள் இருந்தன. போரில் உயிரோடு தப்பியவன் வீடு திரும்பலாம் என்று காத்திருந்த நேரத்தில் அவனை மேலும் கிழக்கே கப்பலேற்றி, தோற்றுப்போன ஒரு நாட்டின் நடுவில் நிறுத்தினார்கள். அவன் எழுதும் கடிதத்தில் வீட்டு ஏக்கம் நிறைந்திருப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஏக்கம் கண்ணை மறைத்தது என்ற உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் எழுதியவற்றையே திரும்பப் படித்துப் பாருங்கள். பெண்கள் நாற்று நடுவதை அவர் கவனித்திருக்கிறார். நம் பக்கத்திலும் நடவு பெண்களின் வேலைதான் என்பதால் அவர் அதை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியதற்குக் காரணம் ‘பொம்பளைகளே’ என்பதில் இருக்கும் ஏகாரத்தில் தெரிகிறது. உழவும் வரப்பும் பார்க்க வேண்டிய ஆண்கள் செத்துப்போயிருந்தார்கள், அல்லது சீனாவிலும் மஞ்சூரியாவிலும் தீவுகளிலும் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். வெளிநாடுகளிலிருந்து திரும்ப வேண்டிய ஜப்பானியரின் எண்ணிக்கை, படையினரும் குடிமக்களுமாக, 60 லட்சத்துக்கும் மேல். வயலில் ஆள் குறைந்திருப்பதை வயலில் வேலை செய்து வளர்ந்தவன் உடனே கண்டுகொண்டான். பிள்ளைகள் லாரியின் பின்னே ஓடி வந்ததும் வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் அல்ல. அந்த ஆண்டின் பெரும்பகுதியில் ஜப்பானில் ஒருவருக்கு நாள் பங்கீடு ஏறக்குறைய 300 கிராம் தானியம். அதுவும் பல நகரங்களில் நாட்கணக்கில் தாமதமாகவே வந்தது. 1946 மே 19 அன்று டோக்கியோவில் அரண்மனைக்கு முன்னால் லட்சக்கணக்கானோர் சோறு கேட்டுத் திரண்டார்கள். அதே ஆண்டில் இந்தியாவிலும் கடும் உணவு நெருக்கடி. சென்னை மாகாணத்தில் அரிசி பங்கீட்டில் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அவர் கேட்பதையும் ஓடிவரும் பிள்ளைகளைப் பற்றி எழுதுவதையும் இரண்டாகப் பிரிக்க முடியாது என்று நான் கருதுகிறேன். பசித்த ஊரிலிருந்து போனவர் இன்னொரு பசித்த ஊரைப் பார்த்து, தம் ஊரின் நிலையை விசாரிக்கிறார்.

உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, அந்தக் கிழவரின் வணக்கம். உங்கள் தாத்தாவின் கூச்சத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்தத் தகரப்பெட்டியில் இருப்பவற்றுள் முதன்மையானது அதுதான். சில சமூகங்களை முழுவதுமாகக் குற்றவாளிகள் என்று அறிவித்த 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் உங்கள் பகுதியில் பிரமலைக் கள்ளர் ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்தார்கள். இராத்திரி காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும்; வெளியூர் செல்வதானால் ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். உங்கள் தாத்தா ஜப்பானில் லாரி ஓட்டிய 1946-இல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது 1947-இல்தான். பக்கத்து ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டிய தகப்பனின் மகன், அதே அரசாங்கத்தின் சீருடையை அணிந்து, கடல் தாண்டிப் போய், இன்னொரு மக்களின் தெருவில் அதிகாரத்தின் ஆளாக நிற்கிறான். தன் தகப்பன் வயதுக் கிழவர் ஒருவர் அவன்முன் குனிகிறார். காக்கிச் சட்டைக்கு முன்னால் முதியவர்கள் குனிவதை அவன் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறான். காக்கிச் சட்டை தன் உடம்பில் இருக்க அதைப் பார்ப்பது அன்றுதான் நேர்ந்தது. ஜப்பானில் குனிந்து வணங்குவது அன்றாட மரியாதைதான் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அந்தக் கூச்சம் போயிருக்காது என்றே நினைக்கிறேன். வெற்றி பெற்ற படையின் பெருமிதம் அந்தக் கடிதங்களில் ஓரிடத்தில்கூட இல்லாததற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்கு வேண்டியதில்லை.

ஹிரோஷிமாவைப் பற்றி ‘ஊர் இல்லை’ என்று மட்டும் எழுதியதற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் வீசப்பட்ட அந்த ஒரு குண்டால் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ரயில் சன்னலில் உட்கார்ந்திருந்த ஒரு சிப்பாய்க்கு அது எப்படித் தெரியும்? குண்டின் விளைவுகளைப் பற்றி ஜப்பானியப் பத்திரிகைகளே தாராளமாக எழுத முடியாதபடி ஆக்கிரமிப்பு அதிகாரிகளின் தணிக்கை இருந்தது. போர்க்காலம் முழுவதும் சிப்பாய்களின் கடிதங்களை மேலதிகாரிகள் படித்துத்தான் அனுப்பினார்கள். அந்தப் பழக்கத்தில் எழுதிய கை உடனே தாராளமாகிவிடாது. ஜப்பானியர் வீடுகளுக்குள் போகக்கூடாது, அவர்கள் குடும்ப வாழ்வில் கலக்கக்கூடாது என்ற உத்தரவும் காமன்வெல்த் படைக்கு இருந்தது. யாரிடமும் கேட்டறிய வழியில்லாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் அவர் எழுதினார். நான் அந்த இரண்டு சொற்களில் சேர்க்கவோ குறைக்கவோ மாட்டேன்.

இதையெல்லாம் சொல்வதால் அவரை ஒரு புனிதராக ஆக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படையினரிடையே கள்ளச்சந்தை வியாபாரம் பரவலாக நடந்தது. பெண்கள்மீது வன்முறையும் நடந்தது. தகப்பனாருக்கு எழுதும் கடிதத்தில் அவற்றைப் பற்றி எந்த மகனும் எழுத மாட்டான். கடிதங்களில் இருப்பதற்கு மட்டுமே நாம் அவரைச் சாட்சியாகக் கொள்ளலாம். அந்த அளவில் அவர் நம்பத்தக்க சாட்சி.

எனவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில், எதையும் நீக்காதீர்கள் என்பதே. பசுவும் கிணறும் தங்கை கல்யாணமும் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். அவருடைய பேச்சு வழக்கையும் எழுத்துப் பிழைகளையும் திருத்த வேண்டாம். விளக்கம் தேவைப்படும் சொல்லுக்கு அடிக்குறிப்பு எழுதினால் போதும். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் சூடேற்றி ஒட்டிவிடாதீர்கள், அதன்பின் பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படமெடுங்கள். உறைகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் இருந்தால், அவற்றில் களத் தபால் நிலைய எண்ணும் தேதி முத்திரையும் இருக்கும். அனுப்புநர் முகவரியில் அவருடைய படை எண் இருக்கலாம். அந்த எண் கிடைத்தால், அவர் சேர்ந்திருந்த பிரிவின் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதி, எந்தக் கம்பெனியில் இருந்தார், எப்போது ஊர் திரும்பினார் என்று கேட்கலாம். மனுவை எப்படி எழுதுவது என்பதற்கு மதுரையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். படியெடுத்தபின் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அந்தக் கிழவரைப் பற்றிய கடிதத்தை முழுவதுமாகப் படிக்க விரும்புகிறேன்.

அன்புடன்.