பரிசு நோட்டை முதலில் மூடுங்கள்

கேள்வி: மகனுக்கு நான்கு வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு 27 பரிசுகள். பிளாக்ஸ் செட் மட்டுமே மூன்று, அதுவும் ஒரே மாதிரி. யார் என்ன கொடுத்தார்கள், என்ன விலை இருக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே மதிப்பில் திருப்பிச் செய்துவிடுவேன். எல்லாம் கிரெடிட் கார்டில்தான். பாக்கி இப்போது ஒன்றரை மாதச் சம்பளம். மாதம் 3 சதவீத வட்டி. குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதத்தை மட்டும் கட்டி வருகிறேன். போதாததற்கு, நாத்தனார் இந்த முறை குழந்தை பெயரில் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். முதல் தவணை அவர் கட்டிவிட்டார், மீதி நாங்கள் கட்ட வேண்டுமாம். வேண்டாத பொம்மைகளை விற்றால் கடன் அடையுமா?

பதில்: அடையாது. பிரிக்காத பெட்டிக்குப் பாதி விலை கிடைத்தாலே பெரிது. விற்றுவிடுங்கள், அந்தப் பணத்தை அன்றைக்கே கார்டில் கட்டுங்கள். ஆனால் உங்களைக் கடனில் தள்ளியது பொம்மைகள் இல்லை, அந்த நோட்டுதான்.

கணக்கைப் பாருங்கள். 100 பாக்கிக்கு நீங்கள் கட்டும் 5-இல் 3 வட்டிக்கே போய்விடுகிறது. கடன் குறைவது 2. கார்டை இனி தொடாமலே இருந்தாலும், ஒரு வருஷத்தில் சுமார் 54 கட்டியிருப்பீர்கள்; பாக்கியோ இன்னும் 78-க்கு மேல் நிற்கும். நீங்கள் தொடாமலும் இல்லை. 27 வீடு என்றால் மாதத்துக்கு இரண்டு பரிசாவது வாங்குகிறீர்கள். பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்குவதற்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா நாட்களும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே மீட்டர் ஓடும்.

இன்னொன்று. நோட்டில் நீங்கள் எழுதுவது கடை விலை. அந்தப் பொருள் உங்களுக்கு அவ்வளவு பெறுமா? பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகெல் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு பெற்றவர்கள் அதற்குப் போட்ட மதிப்பு, கொடுத்தவர் செலவழித்ததைவிட 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. அது கல்லூரி மாணவர்களிடம் கேட்டது. மூன்றாவது பிளாக்ஸ் செட்டுக்கு உங்கள் மகன் என்ன மதிப்புப் போடுவான்? உங்களுக்கு 70 கூடப் பெறாத பொருளுக்கு, கடன் வாங்கி 100-க்குப் பதில் செய்கிறீர்கள். அதைப் பெறும் வீட்டிலும் அது 70 தான்.

பிரிக்காத செட்டுகளில் ஒன்றை வேறு குழந்தைக்குக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளே 'அன்புடன் பெரியம்மா' என்ற சீட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை நாங்கள் கொடுத்த பரிசே திரும்பி வந்தது, என் கையெழுத்தோடு! "நான் கொடுத்தது எங்கே?" என்று கேட்பவர்கள் இருந்தால், பையன் அதை வைத்து விளையாடும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். அதன்பிறகு அது உங்கள் பொருள், என்ன செய்வதென்பது உங்கள் இஷ்டம்.

அப்புறம் அந்த பாலிசி. முதல் தவணையைக் கட்டிவிட்டு மீதியை உங்கள் தலையில் வைப்பதற்குப் பெயர் பரிசா? நான்கு வயதுப் பிள்ளை சம்பாதிக்கவில்லை. ஆயுள் காப்பீடு தேவைப்படுவது சம்பாதிக்கும் பெற்றோருக்கு. சேமிப்பு, காப்பீடு, படிப்புச் செலவு எல்லாம் ஒரே பொட்டலத்தில் என்று விளம்பரம் வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். கார்டுக்கு மாதம் 3 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருப்பவர், வருஷத்துக்கே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும் திட்டத்தில் பணம் போடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஆவணம் கைக்கு வந்த குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பித் தரும் வசதி பல பாலிசிகளில் உண்டு. இன்றைக்கே தேதியைப் பாருங்கள். நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். "அக்கா, இந்தத் தவணை எங்களால் முடியாது" என்றால் போதும். காரணம் அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும்.

நோட்டைக் கிழிக்க மனம் வராவிட்டால், விலைப் பகுதியை மட்டும் அடித்துவிட்டுப் பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள், நன்றி சொல்ல உதவும். அடுத்த பிறந்தநாள் அழைப்புக்குக் கையில் இருக்கும் பணத்தில் ஒரு கதைப் புத்தகம் போதும். கடைக்குப் போகும்போது கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.